மாமியார்கிட்ட இருக்கிற பொறுமை வீட்டுக்காரர்கிட்ட ஏன் இல்ல?

கேள்வி:

வணக்கம் டீச்சர். எனக்கு வயசு 57, பினாங்கு, ஆயர் ஈத்தாம் பக்கம். பாயான் லெப்பாஸ்ல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரில 29 வருஷம் வேலை செஞ்சு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நின்னுட்டேன். சின்ன வயசுல இருந்தே என்னை பொறுமைசாலின்னுதான் சொல்வாங்க. இப்ப அப்படி இல்ல. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த நாத்தனார், என் மகளுக்கு 32 ஆச்சு இன்னும் கல்யாணம் ஆகலன்னு எல்லார் முன்னாடியும் ஆரம்பிச்சாங்க, வருஷா வருஷம் சொல்றதுதான், இந்த தடவ நான் "அண்ணி, முறுக்கு நல்லா இருந்தா சாப்பிடுங்க, இல்லன்னா வச்சிட்டு கிளம்புங்க"ன்னு சொல்லிட்டேன். மூணு நாள் தூக்கம் இல்ல. குடும்ப வாட்சாப் குரூப்ல இருந்தும் வெளிய வந்துட்டேன். கூட வேலை செஞ்ச தோழி தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணி மருமகள பத்தி ஒரு மணி நேரம் பேசுவா, 20 வருஷமா கேட்டவதான், இப்ப போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது, எடுக்கிறதே இல்ல. வீட்டுக்காரர் பிறைல இரும்பு பேக்டரில இருந்து ரிட்டையர் ஆனவர், ஒண்ணு சொன்னா மூணு தடவ "என்ன, என்ன"ன்னு கேப்பார், டிவிய தெருவுக்கே கேக்கிற மாதிரி வைப்பார், வேணும்னே காதுல வாங்க மாட்டார், அவர்கிட்ட கத்திடறேன். ஆனா 84 வயசு மாமியாருக்கு மறதி நோய், ஒரே கேள்விய நூறு தடவ கேப்பாங்க, அவங்க மேல மட்டும் எனக்கு கோவமே வர்றதில்ல. 2021ல எங்க அண்ணன் கோவிட்ல போனாரு, கடைசியா முகத்தகூட பாக்க முடியல, அதுக்கப்புறம்தான் நீங்க மாறிட்டீங்கம்மான்னு மக சொல்றா. நான் கெட்டவளா ஆயிட்டேனா டீச்சர்? வயசாக ஆக பொறுமை கூடணும்னுதானே சொல்வாங்க?

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டர பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடையில பசியாறிக்கிட்டே படிச்சேன், அந்த முறுக்கு வரி வந்தப்ப கொப்பி மூக்குல ஏறி பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துட்டார். சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க, மூணு நாள் தூங்காதவங்களுக்கு இது சிரிப்பு இல்லன்னு தெரியும். அப்புறம் வீட்டுக்கு வந்து இன்னும் ரெண்டு தடவ படிச்சேன், சிரிப்பு போயிடுச்சு, ஏன்னா நீங்க பெரிசா எழுதின விஷயங்கள் எனக்கு பெரிசா தெரியல, ஒரு வரியில தாண்டிப் போனதுதான் உறுத்துச்சு. அதுக்கு வர்றேன்.

முதல்ல உங்க கடைசி கேள்வி. வயசானா பொறுமை கூடும்ங்கறது பாதி சரி. அமெரிக்காவுல ஸ்டான்போர்ட் யுனிவர்சிட்டில லாரா கார்ஸ்டென்சன்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர், 1990கள்ல இருந்து இதத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றாங்க. அவங்க குழு கேட்ட ஒரு கேள்வி எனக்கு ரொம்ப பிடிக்கும். உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைச்சா யாரோட இருப்பீங்க, நெருங்கின சொந்தமா, இப்பதான் பழக ஆரம்பிச்ச ஒருத்தரா, இல்ல நீங்க படிச்ச ஒரு புத்தகத்த எழுதினவரா? சின்ன வயசுக்காரங்க அங்கயும் இங்கயும் போவாங்க, வயசானவங்க பெரும்பாலும் நெருங்கின ஆளத்தான் எடுப்பாங்க. சரி, வயசானா புது ஆளுங்க பிடிக்காது போலன்னு நாம முடிச்சிடுவோம். ஆனா வயசானவங்ககிட்ட "ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க, உங்களுக்கு இன்னும் 20 வருஷம் ஆயுசு கூடும்னு வச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு அதே கேள்விய கேட்டா, அவங்களும் சின்ன வயசுக்காரங்க மாதிரியே பதில் சொல்றாங்க. சின்னவங்ககிட்ட சீக்கிரமே ஊர விட்டு தனியா ரொம்ப தூரம் போகப்போறதா நினைச்சுக்கோன்னு சொன்னா, அவங்க பெரியவங்க மாதிரி நெருங்கின ஆளையே தேடறாங்க. அப்ப விஷயம் பர்த்டே கணக்கு இல்ல, கையில எவ்வளவு நேரம் பாக்கி இருக்குன்னு மனசு போடற கணக்கு.

ஹாங்காங்லயும் இத பாத்திருக்காங்க, 1997ல அத சீனாகிட்ட ஒப்படைக்கிறதுக்கு சில மாசம் முன்னாடி கேட்டப்ப அங்க இருந்த இளசுங்ககூட நெருங்கின ஆளுங்க பக்கம்தான் சாஞ்சாங்க, ஒரு வருஷம் கழிச்சு எல்லாம் அடங்கினதும் பழையபடி ஆயிட்டாங்க. ஏதோ ஒண்ணு முடியப்போகுதுங்கற நினைப்புதான் காரணம். உங்க மக சொன்னத இதோட வச்சுப் பாருங்க. 2021 ஆகஸ்ட்ல நம்ம நாட்டுல ஒரு நாளைக்கு 20 ஆயிரம் கேசுக்கு மேல போச்சு, வாட்சாப்ப திறந்தாலே யாரோ ஒருத்தரோட போட்டோவும் கண்ணீர் அஞ்சலியும்தான், சாவு வீட்டுக்கு போய் அழக்கூட வழியில்லாம இருந்தோம். உங்க அண்ணன் முகத்த பாக்காமயே அனுப்பினீங்க. அன்னிக்கே உங்க மனசு ஒரு கணக்கு போட்டிருச்சு, இருக்கிற நேரத்துல யாருக்கு எவ்வளவுன்னு. உங்க மகளுக்கு அது தெரிஞ்சிருக்கு, நல்ல புள்ள.

இதோட நிறுத்தினா ஆஹா, நான் செஞ்சதெல்லாம் சரின்னு நீங்க போயிடலாம். இப்ப டிக்டாக்ல அதத்தான் சொல்றாங்க, பிடிக்காத ஆள் எல்லாம் டாக்சிக், கட் பண்ணிடுன்னு. என்கிட்ட வர்ற 25 வயசு பிள்ளைங்க அம்மாவையே டாக்சிக்ன்னு சொல்லிட்டு உக்காருது, காரணம் கேட்டா அம்மா சாப்பிட்டியான்னு அடிக்கடி கேக்கறாங்களாம். எனக்கு இப்ப 61, எனக்கும் பொறுமை இடம் மாறித்தான் போச்சு. ஸ்கூல்ல கவுன்சலிங் டீச்சரா சேர்ந்த புதுசுல டத்தோ பட்டம் வாங்கினவர் யாராச்சும் வந்து "நான் யாருன்னு தெரியுமா"ன்னு ரெண்டு மணி நேரம் பேசினா வாய மூடிட்டு கேப்பேன், நன்கொடை வரணும் இல்ல. அதே நாள் மூணாம் பாரத்து பையன் ஒருத்தன் கெட்ட வார்த்தை பேசினான்னா ரெண்டு நிமிஷம்கூட தாங்க மாட்டேன், வெளிய போடான்னுடுவேன். இப்ப நேர்மாறு. அந்த மாதிரி பையன்கூட ஒரு மணி நேரம் உக்காருவேன், அந்த டத்தோ மாதிரி ஆளு "நான்"னு ஆரம்பிச்சதும் எனக்கு பாத்ரூம் வந்துடும். அப்ப 28 வயசுல என்கிட்ட இருந்தது பொறுமையா? பயம்னுதான் நினைக்கிறேன். உங்களுக்கும் அப்படி கொஞ்சம் இருந்திருக்கும், 29 வருஷம் லைன்ல நின்னவங்க சூப்பர்வைசர் முறைச்சாலும் சிரிச்சுத்தான் ஆகணும், வீட்டுக்கு வந்தா மாமியார், நாத்தனார், வீட்டு லோன். வேற வழி இல்லாம வாய மூடிட்டு இருந்ததுக்கு ஊரு வச்ச பேரு பொறுமைசாலி.

சரி, இப்ப உங்க மாமியார். நூறு தடவ ஒரே கேள்வி, உங்களுக்கு கோவம் வரல. தோழி ஒரு தடவ போன் பண்ணா நெஞ்சு அடிச்சுக்குது. பொறுமையே தீர்ந்து போச்சுன்னா மாமியார்கிட்டதான் முதல்ல தீர்ந்திருக்கணும். என் அனுபவத்துல பாத்தது இது, ஒருத்தர் நம்மள எவ்வளவு படுத்தறாங்கங்கறத விட, அவங்க ஏன் அப்படி பண்றாங்கன்னு நாம என்ன நினைக்கிறோமோ அதுலதான் பொறுமை தொங்கிட்டு இருக்கு. மாமியார் தெரியாம கேக்கறாங்கன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியும், அதனால வருத்தம் வருது, கோவம் வரல. நாத்தனார் தெரிஞ்சே குத்தறாங்கன்னு நினைக்கிறீங்க, பொங்கிடுது. வயசானதும் இந்த தீர்ப்பு ரொம்ப வேகமா வரும், 30 வருஷமா ஒரு ஆள பாத்திருக்கோம், அவங்கள பத்தின பைல் நம்ம தலைக்குள்ள தடியா இருக்கு, வாய திறக்கும்போதே இவ இன்னதுக்குத்தான் வர்றான்னு முடிவு பண்ணிடுவோம். முக்கால்வாசி நேரம் சரியாவும் இருக்கும், அதுதான் ஆபத்து, மிச்ச கால்வாசில தப்பா இருக்கும்போது நமக்கு சந்தேகமே வராது.

அந்த கால்வாசி உங்க வீட்டுக்காரர்.

"வேணும்னே காதுல வாங்க மாட்டார்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த "வேணும்னே"தான் என்னை உறுத்தின வார்த்தை. இரும்பு பேக்டரில காலம் பூரா வேலை பாத்த மனுஷன், டிவிய சத்தமா வைக்கிறார், மூணு தடவ என்னன்னு கேக்கறார். அம்மா, அவருக்கு காது சரியா கேக்கல. சத்தத்துல வேலை செஞ்சவங்களுக்கும் வயசானவங்களுக்கும் மெலிசான, உச்ச ஸ்தாயி சத்தம்தான் முதல்ல போகும், ச, ஸ, ஃப மாதிரி எழுத்து எல்லாம் தேஞ்சு போகும், பொம்பளைங்க குரலும் சின்ன பிள்ளைங்க குரலும் ஆம்பளை குரல விட கஷ்டமா இருக்கும். அதனாலதான் மாமாக் கடையில நண்பர் பேசறது கேக்கும், சமையக்கட்டுல இருந்து நீங்க சொல்றது கேக்காது, நமக்கு என்ன தோணும், பொண்டாட்டி பேச்சுன்னா மட்டும் செவிடு. கத்தினா சத்தம் கூடுமே தவிர வார்த்தை தெளியாது, அவருக்கு வந்து சேர்றது உங்க கோவம் மட்டும்தான். அவரும் கொஞ்ச நாள்ல கேக்கறதையே விட்டுட்டு தலையாட்டிட்டு டிவி முன்னாடி உக்காந்துடுவார், அப்புறம் ஆளுங்க கூடற இடத்துக்கே வர மாட்டேன்னு சொல்வார். காது கேக்காம சும்மா விட்டா மறதி நோய் வர்ற வாய்ப்பும் கூடுதுன்னு லான்செட் மருத்துவ இதழோட குழு 2017லயே சொல்லியிருக்கு, அந்த நோய் எப்படி இருக்கும்னு உங்க வீட்ல யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்ல.

அவர கூட்டிட்டு அரசாங்க கிளினிக்குக்கு, அதான் கிளினிக் கெசிஹாத்தானுக்கு போங்க, செலவு ஒரு வெள்ளிதான், முதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாப்பாங்க, சில பேருக்கு வெறும் அதுதான், சுத்தம் பண்ணிட்டு வந்து டிவி ஏன் இவ்வளவு சத்தம்னு அவங்களே கேப்பாங்க. இல்லன்னா லெட்டர் போட்டு பெரிய ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை பிரிவுக்கு அனுப்புவாங்க. வேலை இடத்து சத்தத்தால வந்த காது பாதிப்பு, தொழிலாளர் காப்புறுதி பாக்கிற சொக்சோவோட தொழில்நோய் லிஸ்ட்ல இருக்கு, பழைய வேலை கடிதாசு எல்லாம் தூக்கிப் போட்டுடாம எடுத்து வைங்க, போய் விசாரிங்க. அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க, அவர் முகத்த பாத்து, டிவிய நிறுத்திட்டு, கத்தாம கொஞ்சம் மெதுவா பேசுங்க. அடுப்படியில இருந்து குரல் கொடுக்காதீங்க. கஷ்டம்தான், தெரியும், எங்க வீட்லயும் இதே கதைதான்.

உங்க உடம்பையும் பாக்கணும். 57ல மாதவிடாய் நிக்கிற கட்டம் அனேகமா தாண்டியிருக்கும், ஆனா தூக்கக் குறைச்சல் சில பேருக்கு தொடரும். போன் அடிச்சா நெஞ்சு படபடப்புன்னு எழுதினீங்க, தைராய்டு கூடினாலும் படபடப்பும் எரிச்சலும் வரும், நம்ம ஆளுங்களுக்கு இனிப்புநீர் வேற அதிகம், அதுக்கு மாத்திரை போட்டுட்டு நேரத்துக்கு சாப்பிடலன்னா சுகர் இறங்கி சுள்ளுன்னு கோவம் வரும். ஒரே ரத்த டெஸ்ட்ல பாத்துடலாம். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பு இல்லாம, காலையில எழுந்திரிக்கவே பிடிக்காம இருந்தா அது வேற விஷயம், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அண்ணன நினைச்சு இன்னும் அழாத அழுகை ஒண்ணு உள்ள இருக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இன்னொரு பயம் சில பேருக்கு இருக்கும், 45ல இருந்து 65 வயசுக்குள்ள மூளையோட முன்பகுதிய பாதிக்கிற ஒரு மறதி நோய் உண்டு, குணமே மாறி கண்டபடி பேசுவாங்க, ஆனா அவங்களுக்கு பொதுவா அத பத்தி கவலையே இருக்காது. நீங்க ஒரு முறுக்குக்கு மூணு நாள் தூங்காம கிடந்திருக்கீங்க.

அந்த மூணு நாளும் எனக்கு ஆச்சரியம் இல்ல. வயசானவங்க சண்டைய ஒதுங்கிப் போறதுல கெட்டிக்காரங்க, ஆனா ஒதுங்க முடியாம மாட்டிக்கிட்டா உடம்பு அடங்க சின்ன வயச விட நேரம் எடுக்கும்னு இத ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. 30 வயசுல சண்டை போட்டுட்டு சோறு சாப்பிட்டு தூங்கிடுவோம், இப்ப பிரஷர் இறங்கவே ராத்திரி ஆயிடும்.

தோழி விஷயத்துல எனக்கு அவ்வளவு அவசரம் இல்ல, ஆனா போன எடுக்காம இருக்கறது தீர்வும் இல்ல. ஒரு ஆள அறவே பிடிக்கலன்னா மனசுக்கு சுலபம், பிடிக்கும் ஆனா தாங்க முடியலங்கற ஆளுதான் கஷ்டம், பிரஷர் மெஷின கையில கட்டிவிட்டு பாத்தப்ப அந்த மாதிரி ரெண்டுங்கெட்டான் உறவுங்ககிட்ட பேசும்போதுதான் பிரஷர் அதிகமா ஏறுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இவ உங்க கூட லைன்ல நின்னவ, நைட் ஷிப்ட்ல ஒரே டப்பால சாப்பிட்டிருப்பீங்க. மருமகள பத்தி பேசறது அவளுக்கு பழக்கமா போச்சு. ஆனா மணிய பாருங்க. ஒன்பது மணி. காலையில இருந்து மாமியாருக்கு நூறு பதில் சொல்லி, குளிக்க வச்சு, சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து முடிச்சு உக்கார்ற நேரத்துல அவ நூத்தியோராவது ஆளா வர்றா. அவளுக்கு நேரத்த மாத்தி கொடுங்க. வாரத்துல ஒரு நாள் காலையில தண்ணீர்மலை பக்கம் நடக்கலாம் வாடின்னு கூப்பிடுங்க, பூங்கா பக்கத்துலயே இருக்கு, ஏத்தத்துல மூச்சு வாங்கும்போது மருமகள பத்தி அதிகம் பேச முடியாது, இது நான் பரீட்சை பண்ணி பாத்தது. ராத்திரி போன் வேணாம்னு நேரா சொல்லிடுங்க, "அத்தைய தூங்க வச்சதும் நானும் விழுந்துடறேன்டி"ன்னு, அது பொய்யும் இல்ல. அதுக்கும் அவ கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும், கொஞ்ச நாள்ல வருவா.

குரூப்ல இருந்து வெளிய வந்தது சரி. காலை வணக்கம் ரோஜாப்பூ படத்த பாக்காம யாரும் செத்துப் போயிடல.

நாத்தனார்கிட்ட நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், 32 வயசு பொண்ண பத்தி சபையில பேசினவங்களுக்கு சபையிலயே பதில் கிடைச்சுது. நல்ல நாள்ல வீட்டுக்கு வந்தவங்கள கிளம்புங்கன்னு சொன்னது மட்டும் உங்களுக்கே குத்துது, அதுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னா போதும், மக விஷயத்துக்கு மன்னிப்பு கேக்காதீங்க. ஆனா லெட்டர்ல நீங்க எழுதாம விட்ட ஒண்ணு இருக்கு, மூணாவது தடவ படிக்கும்போதுதான் எனக்கு தட்டுச்சு. உங்க மாமியார் அவங்களுக்கு அம்மா. பெத்த மக தீபாவளிக்கு வந்து முறுக்கு சாப்பிட்டு உங்க மகள குறை சொல்லிட்டு போறாங்க, அவங்க அம்மா கேக்கற நூறு கேள்விக்கும் நீங்க பதில் சொல்லிட்டு இருக்கீங்க, அன்னிக்கு வாயில வந்தது முறுக்கு, உள்ள இருந்தது இதுதான்னு நான் நினைக்கிறேன். கோவத்த விட்டுட்டு கணக்கா கேளுங்க, மாசத்துல ரெண்டு சனி ஞாயிறு அம்மாவ அவங்க வீட்ல வச்சுக்கட்டும், இடம் மாறினா அம்மா தடுமாறுவாங்கன்னா அவங்க உங்க வீட்டுக்கு வந்து தங்கட்டும், நீங்க மகளோட எங்கயாச்சும் போயிட்டு வாங்க. நீங்க கேட்டா முறுக்கு சண்டை திரும்ப ஆரம்பிக்கும், இத கேக்க வேண்டியவர் அவங்க தம்பி, உங்க வீட்டுக்காரர்தான், அக்காகிட்ட அவர் பேசட்டும். அதனால வரிசை இப்படி, முதல்ல அவர் காதுக்கு அப்பாயின்ட்மென்ட், அப்புறம் அவர் அக்காவுக்கு போன். போன் பண்ணும்போது நீங்க பக்கத்துல நிக்காதீங்க, ஸ்பீக்கர்லயும் போட வேணாம்.